"கூழ்" என்றதும் உங்களுக்கு முதலில் தோன்றுவது எது? பல பொருள் சொற்களும் நியூரல் நெட்வொர்க்கும்

பர்கூர்_பறவை | வியாழன், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். இரண்டு மூன்று பொருள் உள்ள சொற்களை மனிதர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க்கில் (நரம்பணுக்களைப் போல ஒன்றோடொன்று இணைந்த சிறு அலகுகளால் ஆன கணினி நிரல், கீழே "வலை" என்று சொல்வது இதைத்தான்) செய்து பார்ப்பதுதான் என் ப்ராஜெக்ட். தமிழ்ச் சொற்களை வைத்தே செய்கிறேன். உங்கள் உதவி வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இது தொடங்கியது கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில். பக்கத்தில் நின்றவர் போனில், "கூழ் ஏத்தியாச்சா? எத்தனை மணிக்குக் கிளம்புது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை பார்ப்பதால் எனக்கு உடனே டிரம்மும் லாரியும் மனதில் வந்தன. கூட வந்த பாட்டி என் காதருகே, "எந்தக் கோயில்ல கண்ணு ஊத்துறாங்களாம்?" என்றார். அப்போது ஆடி மாதம்கூடப் பிறக்கவில்லை. ஒரே சொல், ஒரே நொடி. ஆனால் எங்கள் இருவர் மனமும் வேறு வேறு இடத்தில் போய் நின்றன.

சூழலைப் பார்த்துச் சரியான பொருளை மட்டும் மூளை எடுத்துக்கொள்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1979-ல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் செய்த சோதனை வேறு மாதிரி சொல்கிறது. "பக்" என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பூச்சி என்றும் ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள் உண்டு. சிலந்தி, கரப்பான் என்றெல்லாம் முன்னால் சொல்லிப் பூச்சிதான் என்று தெளிவாக்கிய வாக்கியத்தை ஹெட்போனில் கேட்கவைத்தார். அந்தச் சொல் காதில் விழும் அதே கணத்தில் திரையில் ஓர் எழுத்துக்கூட்டம் வரும். அது உண்மையான சொல்லா இல்லையா என்று பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். "எறும்பு" என்பதற்கு விரைவாகப் பதில் வந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் "உளவாளி" என்பதற்கும் அதே விரைவு இருந்தது! தொடர்பே இல்லாத "தையல்" வகைச் சொல்லுக்கு அந்த விரைவு இல்லை. மூன்று அசை தள்ளிக் காட்டியபோது எறும்புக்கு மட்டும் விரைவு மிஞ்சியது. அதாவது இரண்டு பொருளும் எழுகின்றன, பிறகு ஒன்று அடங்குகிறது. நமக்குத் தெரிவது அடங்கிய பிறகு நிற்பது மட்டும்தான்.

இந்த "எழுந்து அடங்குதல்" நியூரல் நெட்வொர்க்குக்கு இயல்பாக வரும் வேலை. எழுத்துகளும் சொற்களும் ஒன்றையொன்று தூண்டிப் போட்டியிடும் ஒரு மாதிரியை 1981-ல் மெக்கிளெலண்டும் ருமெல்ஹார்ட்டும் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஜான் ஹாப்ஃபீல்ட், தானாகவே ஒரு நிலைக்கு வந்து நிற்கும் வலையைக் காட்டினார் (2024-ல் இயற்பியல் நோபல் பெற்றவர்களில் ஒருவர்). அந்த வழியில் 1993-ல் ஆலன் கவமோட்டோ பல பொருள் சொற்களுக்கென்றே ஒரு வலை அமைத்தார். நான் செய்வது அதன் சிறிய தமிழ் வடிவம். சொல்லின் எழுத்து, ஒலி, அது பெயரா வினையா என்பது, பொருள் எல்லாவற்றுக்கும் அலகுகள் இருக்கும். "ஆறு என்றால் நதி" என்று எந்த அலகிலும் எழுதி வைக்கவில்லை. அலகுகளுக்கு இடையே உள்ள இணைப்புகளின் வலுதான் கற்றுக்கொண்டது அத்தனையும். எழுத்தைக் கொடுத்தால் மற்ற அலகுகள் ஒன்றையொன்று தள்ளியும் இழுத்தும் சில சுற்றுகளில் ஓரிடத்தில் நிற்கும். அங்கே தெரிவதுதான் பொருள். முதல் சில சுற்றுகளில் இரண்டு பொருளும் அரைகுறையாகத் தலைகாட்டும், பிறகு ஒன்று மறையும்.

இப்போது என் கேள்வி. கூழ், ஆறு, மாலை, படி, அரை, கல். இவற்றைக் கேட்டதும் உங்களுக்கு முதலில் தோன்றும் பொருள் எது? ஊர், தொழிலோடு சொன்னால் நல்லது.

தோப்புக்காரன்_காவேரிப்பட்டணம் | வியாழன், இரவு 10.02

தங்கச்சி, எனக்குக் கூழ் என்றால் மாங்கூழ்தான். பெங்களூரா மாங்காய் டன் கணக்கில் ஃபேக்டரி வாசலில் நிற்கும் காலத்தில் வேறு எதுவும் மனதில் வராது. மாலை என்றால் பொழுது. படி என்றால் அளக்கிற படி, வீட்டில் ராகி அளக்கும் இரும்புப் படி இன்னும் இருக்கிறது. கல் என்றால் கல்தான், "கற்றுக்கொள்" என்ற பொருளில் எங்கள் பக்கம் யாரும் பேசுவதில்லை.

நீங்கள் சொன்ன வலை எனக்கு எப்படிப் படுகிறது என்றால், எங்கள் மேட்டு நிலத்தில் மழைத்தண்ணீர் இறங்குவது போல. மேலே விழும்போது எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது, இரண்டு பக்கமும் கசியும். பிறகு எது ஆழமான பள்ளமோ அதில் போய் நிற்கும். ஒவ்வொரு மழைக்கும் அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாகும். நான் மண்வெட்டியால் ஒரு வரப்பு போட்டால் தண்ணீர் சின்னப் பள்ளத்துக்கும் போகும், ஆனால் மெதுவாக. இது சரியா?

பர்கூர்_பறவை | வியாழன், இரவு 10.20

அண்ணா, மிகச் சரி. பள்ளத்தின் ஆழம் என்பது அந்தப் பொருளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம் என்பது. வரப்பு என்பது சூழல். மெதுவாக என்று சொன்னீர்கள் பாருங்கள், அதையும் அளந்திருக்கிறார்கள். 1988-ல் டஃபி, மாரிஸ், ரேனர் மூவரும் வாசிப்பவர்களின் கண் எந்தச் சொல்லில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தார்கள். இரண்டு பொருளும் சம வழக்கில் உள்ள சொல் என்றால், முன்னால் சூழல் வந்துவிட்டால் போதும், கண் தடங்கல் இல்லாமல் போகிறது. ஆனால் ஒரு பொருள் மட்டும் பெருவழக்கு, சூழல் கேட்பதோ அரிதான மற்றப் பொருள் என்றால், சூழல் எவ்வளவு தெளிவாக முன்னால் வந்தாலும் கண் அங்கே கூடுதலாக நிற்கிறது. பெரிய பள்ளம் இழுத்துக்கொண்டே இருக்கிறது.

பென்னாகரம்_தமிழாசிரியர் | வெள்ளி, காலை 6.45

அம்மா, நல்ல வேலையில் இறங்கியிருக்கிறீர்கள். இரண்டு செய்திகள் சொல்கிறேன்.

முதலாவது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்ற இயலில், பல பொருள் ஒரு சொல்லை இரண்டாகப் பிரிக்கிறார்: வினை வேறுபடுவது, வினை வேறுபடாதது. முதல் வகையின் பொருள் எப்படித் தெளிவாகும் என்பதற்கு, "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே" என்கிறார். உரைகாரர்கள் "மா" என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். மா பூத்தது என்றால் மரம். அது வினையால் தெரிந்தது. மாவும் மருதும் ஓங்கின என்றாலும் மரம். அது இனத்தால் தெரிந்தது. போர்க்கவசம் அணிந்து நிற்கிறவன் மாவைக் கொண்டுவா என்றால் குதிரை; அது சார்பால் தெரிந்தது. மா வீழ்ந்தது என்று மட்டும் சொன்னால்? மரமும் விழும், விலங்கும் விழும். அதுதான் வினை வேறுபடாத வகை. உங்கள் வலைக்குக் கொடுக்கும் சூழலை இந்த மூன்றாகப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். பஸ் நிலையத்தில் உங்களுக்கு உதவியது "ஏற்றியாச்சா" என்ற வினை. உங்கள் பாட்டியின் காதில் அது விழுந்திருந்தாலும், கூழுக்கு ஊற்றுதல் என்ற வினையைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது ஒரு திருத்தம். கூழும் ஆறும் ஒரே வகை இல்லை. ஆறு என்ற எண்ணுக்கும் ஆறு என்ற நீரோட்டத்துக்கும் பொருளில் எந்த உறவும் இல்லை. ராகிக் கூழும் மாங்கூழும் அப்படியா? குழைந்து கெட்டியாக இருப்பது என்ற ஒரே பொருள்தான் இரண்டிலும் விரிந்திருக்கிறது. தலை என்பது உடலின் தலை, தலைவாசல், தலைமுறை என்று விரிந்தது போல. இரண்டு வகையையும் ஒரே கூடையில் போட்டால் உங்கள் முடிவு குழம்பும்.

ஓசூர்_எல்லைக்கோடு | வெள்ளி, காலை 9.30

மென்பொருள் துறையில் இருக்கிறேன். மொழி சார்ந்த வேலைதான்.

ஐயா சொன்ன திருத்தம் மிக முக்கியமானது. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிட விரும்புகிறேன். தொல்காப்பியத்திலேயே நியூரல் நெட்வொர்க் இருக்கிறது என்று இந்த இழையை யாரும் எடுத்துப் பகிர்ந்துவிடக் கூடாது. பொருளைத் தெளிவாக்கும் குறிப்புகள் எவை என்பதை அந்த நூற்பா சொல்கிறது, அதுவே பெரிய செய்தி. அந்தக் குறிப்பு வருவதற்குள் மனதில் என்ன நடக்கிறது, எவ்வளவு நேரத்தில் நடக்கிறது, ஒரு பொருள் பெருவழக்காக இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சோதனையும் மாதிரியும் சொல்கின்றன. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். அவற்றைக் கலந்தால் இரண்டுக்குமே மதிப்பு குறையும்.

பறவைக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே வரும் பதில்களை உங்கள் ப்ராஜெக்ட்டில் எண்ணிக்கையாகச் சேர்க்க வேண்டாம். முதல் பதிவிலேயே கூழின் இரண்டு பொருளையும் சொல்லிவிட்டீர்கள். ஜெனிஃபர் ராட் என்பவரும் கூட வேலை செய்தவர்களும் 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல பொருள் சொல் ஒன்றை அதன் அரிதான பொருளில் ஒரே ஒரு முறை வாக்கியத்தில் கேட்டிருந்தால் போதும், சுமார் 20 நிமிடம் கழித்து அதே சொல்லைத் தனியாகக் கேட்கும்போதும் அந்தப் பொருள் பக்கம் மனம் சாய்கிறது என்று காட்டினார்கள். 2016-ல் படகு வலிப்பவர்களை வைத்துப் பார்த்தபோது, சாதாரணச் சொற்களுக்குப் படகுத் துறையில் உள்ள பொருள் அவர்களுக்கு எளிதாக முன்னால் வந்தது. தோப்புக்காரர் கூழைப் பற்றிச் சொன்னது அதே மாதிரிதான். ஆனால் உங்கள் பதிவைப் படித்த என் மனதிலும் இப்போது மாங்கூழ்தான் முதலில் நிற்கிறது, நான் ஃபேக்டரி வாசலைப் பார்த்ததுகூட இல்லை.

வீட்டில் உள்ளவர்களிடம், எதுவும் விளக்காமல், சொல்லை மட்டும் சொல்லிக் கேட்டு வரச் சொல்லுங்கள்.

பர்கூர்_பறவை | வெள்ளி, மாலை 6.15

அண்ணா சொன்னது உண்மை. என் தவறு. தயவுசெய்து எல்லோரும் இந்த இழையைப் பார்க்காத ஒருவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். "இந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்று மட்டும் கேளுங்கள்.

ஐயா, உங்கள் திருத்தம் என் வலையிலேயே தெரிகிறது. நேற்று இரவு ஓட்டிப் பார்த்தேன். ராட், காஸ்கல், மார்ஸ்லென்-வில்சன் மூவரும் 2002-ல் இதே பிரிவைத்தான் காட்டினார்கள். அதுவரை "பல பொருள் இருந்தால் சொல்லை விரைவாக அடையாளம் காண்கிறோம்" என்று பலர் சொல்லிவந்தார்கள். பிரித்துப் பார்த்தபோது, ஒன்றுக்கொன்று உறவுள்ள பொருள்கள் நிறைய இருந்தால்தான் அந்த விரைவு வருகிறது. உறவில்லாத இரண்டு பொருள் இருந்தால் சொல்லை அடையாளம் காண நேரம் கூடுகிறது. 2004-ல் இதற்கு ஒரு வலையும் செய்தார்கள். தோப்பு அண்ணாவின் உவமையில் சொன்னால், தலை என்பது அகலமான ஒரே குளம். எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். ஆறு என்பது நடுவில் மேடு உள்ள இரண்டு குழிகள். மேட்டில் விழுந்த தண்ணீர் தயங்கும்.

சில நேரம் தயங்கி அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு. 1994-ல் ஜூர்டென்ஸ், பெஸ்னர் என்ற இருவர் இதைப் பெரிய குறையாகச் சுட்டிக்காட்டினார்கள்: சூழல் இல்லாமல் பல பொருள் சொல்லைக் கொடுத்தால் இப்படிப்பட்ட வலை பாதி அது, பாதி இது என்ற கலவையில் போய் நின்றுவிடுகிறது. என் வலையிலும் "மாலை" என்று மட்டும் கொடுத்தபோது பூவும் இருந்தது, பொழுதும் இருந்தது, எதுவும் முழுதாக இல்லை. வாடியது என்று சேர்த்ததும் மூன்று சுற்றில் தெளிந்துவிட்டது.

வேலை செய்யும்போது கண்ணில் பட்ட இன்னொன்று. தமிழில் வேற்றுமை உருபோ வினை விகுதியோ சேர்ந்தாலே பாதிக் குழப்பம் போய்விடுகிறது. ஆற்றில் என்றால் நீர், ஆறில் என்றால் எண். கல்லை என்றால் பாறை, கற்க என்றால் படிப்பு. ஆங்கிலச் சோதனைகளில் சொல் பெரும்பாலும் ஒரே உருவில் வருகிறது. நம் மொழியில் உருபு இல்லாத வெறும் சொல்லில்தான் சிக்கல் அதிகம். அதனால் சொல்லை உருபோடும் உருபில்லாமலும் தனித்தனியாகப் பயிற்சியில் கொடுக்கப் போகிறேன்.

பென்னாகரம்_தமிழாசிரியர் | வெள்ளி, இரவு 8.00

உருபைக் கவனித்தது நன்று. இதையும் சேர்த்து யோசியுங்கள்: தொல்காப்பியர் முதலில் சொல்வது வினை. ஆனால் நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். "மாலை, கோயிலுக்குப் போகும் வழியில், எல்லோரும் பார்க்க..." என்று நீட்டிக்கொண்டே போகலாம். "வந்தான்" என்று முடிந்தால் பொழுது, "அறுந்தது" என்று முடிந்தால் பூ. ஸ்வின்னி பார்த்தது மூன்று அசைக்குள் முடிந்தது. நாமோ சில வேளை பத்துச் சொல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு நேரம் இரண்டு பொருளையும் மனம் தாங்கி நிற்குமா, அல்லது ஒன்றை நம்பிப் போய்விட்டுப் பிறகு திரும்பி வருமா? உங்கள் வலையில் வினையை வேண்டுமென்றே தாமதமாகக் கொடுத்துப் பாருங்கள்.

சிலேடை பாடியவர்கள் செய்தது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் இவ்வளவு நேரம் அடங்க வேண்டும் என்று பேசுகிறோம். சிலேடைக் கவிஞரோ இரண்டு பொருளையும் அடங்கவிடாமல் கடைசிவரை கொண்டுபோகிறார். வினையும் இனமும் சார்பும் இரண்டுக்கும் பொருந்துமாறு தேர்ந்தெடுக்கிறார். சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை, வேறு விதமாகப் பிரித்தால் மற்றப் பொருள் வருவது பிரிமொழிச் சிலேடை. வேங்கை என்றால் புலி, மரம். வேம் கை என்று பிரித்தால் வேகின்ற கை. வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் முகத்தில் அந்த இரண்டாவது பொருள் உதிக்கும் கணத்தை முப்பது வருடமாகப் பார்த்துவருகிறேன். எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

ஓசூர்_எல்லைக்கோடு | சனி, காலை 10.40

வினை தாமதமாக வருவது பற்றி ஐயா கேட்டதில் மாதிரிகளின் வேறுபாடும் இருக்கிறது. இன்றைக்கு எல்லோரும் பேசும் பெரிய மொழி மாதிரிகளை வைத்து இதைச் செய்தால் என்ன என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், அதனால் நானே எழுதுகிறேன்.

சொற்களைக் கணினிக்காக எண்களாக மாற்றும் கருவியான, 2013-ல் வந்த வேர்ட்டுவெக், ஒரு சொல்லுக்கு ஒரே எண்வரிசையைத்தான் கொடுத்தது. ஆறு என்றால் நீரும் எண்ணும் சேர்ந்த ஒரே கலவை. பறவை சொன்ன "பாதி அது பாதி இது" அதிலேயே நிரந்தரமாக உட்கார்ந்திருந்தது. 2018-ல் வந்த எல்மோ, பெர்ட் போன்ற மொழி மாதிரிகள் சொல் வரும் இடத்தைப் பொறுத்து எண்வரிசையை மாற்றின. பொருள் பிரிப்பதில் பெரிய முன்னேற்றம் அது. 1960-ல், இயந்திர மொழிபெயர்ப்பை ஆராய்ந்த பார்-ஹில்லெல், "பெட்டி பென்னுக்குள் இருந்தது" என்ற ஆங்கில வாக்கியத்தைக் காட்டி, அங்கே பென் என்பது பேனா இல்லை, குழந்தை விளையாடும் அடைப்பு என்று எந்த நிரலாலும் கண்டுபிடிக்க முடியாது என்று வாதிட்டார். இன்று அது தினசரி வேலை.

ஆனால் சரியான விடை சொல்வது வேறு, மனிதர் போல அந்த விடைக்கு வருவது வேறு. பெர்ட் முழு வாக்கியத்தையும் ஒரே நேரத்தில், இரண்டு பக்கமும் பார்க்கிறது. கடைசியில் உள்ள வினை அதற்கு முன்கூட்டியே தெரியும். உங்கள் பாட்டிக்குத் தெரியாது. காதுக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். அதற்கு, 1990-ல் ஜெஃப்ரி எல்மன் செய்தது போல ஒரு சொல்லை வாங்கி, முந்திய நிலையை நினைவில் வைத்து, அடுத்ததை எதிர்பார்க்கும் சிறிய வலை இன்னும் நல்ல கருவி என்பது என் கருத்து. அப்புறம், இந்தப் பெரிய மாதிரிகளில் பல தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக வெட்டித்தான் உள்ளே எடுக்கின்றன. கூழ் என்ற சொல் கணினிக்கு 4 குறியீடுகள், 12 பைட். ஒரு சொல்லாகவே பார்க்காத ஒன்றை, அந்தச் சொல்லைக் கேட்கும் மனிதருக்கு மாதிரி என்று எப்படிச் சொல்வது?

என் சொந்த அனுபவம் ஒன்று. எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். தெலுங்கிலும் கன்னடத்திலும் ஆரு என்றால் எண்தான், நீரோட்டம் இல்லை. நீரோட்டத்துக்குத் தெலுங்கில் ஏரு, கன்னடத்தில் ஹொளெ. இரண்டாம் வகுப்பில் "ஆறு ஓடுகிறது" என்று படித்தபோது எண் எப்படி ஓடும் என்று கேட்டேன். கவனம் இல்லாத பையன் என்று பின் பெஞ்சுக்கு அனுப்பினார்கள். கவனித்ததால்தான் கேட்டேன். எனக்கு அப்போது ஒரே ஒரு பள்ளம்தான் இருந்தது. எல்லைப் பகுதியில் பாடம் நடத்துகிறவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பென்னாகரம்_தமிழாசிரியர் | சனி, காலை 11.15

தம்பி, படித்ததும் வருத்தமாக இருந்தது. என் வகுப்பிலும் மலைக்கிராமத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு அவர்கள் வேறு பொருள் சொன்னால், "வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று முதலில் கேட்கிறேன். வழக்கமாக அந்தக் கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும்.

அரூர்_செவிலி | சனி, இரவு 9.50

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் மருந்துச் சீட்டில் சுருக்கமாக எழுதிக் கொடுப்பது வழக்கம். ஊர் பெயர் வேண்டாம். மலையடிவாரத்தில் இருந்து வந்த ஓர் அம்மா, எழுபது வயது இருக்கும், ரத்த அழுத்தம். சீட்டில் "மாத்திரை – அரை – காலை" என்று நான்தான் எழுதினேன். வீட்டில் பேரப்பையன் எழுத்துக் கூட்டி அப்படியே வாசித்துக் காட்டியிருக்கிறான். அந்த அம்மா தினமும் காலையில் ஒரு முழு மாத்திரையை உரலில் போட்டு அரைத்து, வெந்நீரில் கலந்து குடித்திருக்கிறார். பத்து நாள் கழித்துத் தலைசுற்றல் என்று வந்தார். நல்லவேளை, கீழே விழவில்லை. விசாரித்தபோது, "நீதானே அம்மா அரைக்கச் சொன்ன" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். குற்றம் சாட்டவில்லை; சொன்னபடி செய்தேன் என்று தெரிவித்தார்.

படிப்பறிவு இல்லாததால் வந்த தவறு என்று அங்கே எல்லோரும் பேசினார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த இழையைப் படித்த பிறகுதான் அதற்குச் சரியான சொல் கிடைத்தது. மருந்து என்றால் அரைப்பது என்று அறுபது வருடம் செய்து பழகியவர் அவர். சுக்கு, வசம்பு, மிளகு எல்லாம் அரைத்துத்தான் கொடுத்திருப்பார். அவர் மனதில் ஆழமாக இருந்த பள்ளத்துக்கு நான் தண்ணீரைத் திருப்பிவிட்டேன்.

தோப்புக்காரன்_காவேரிப்பட்டணம் | ஞாயிறு, காலை 7.20

அக்கா எழுதியதை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். நீங்கள் எழுதியது நல்லது.

பறவை கேட்டபடி அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் கேட்டேன். கூழுக்கு, "கூழு காச்சி ரெண்டு நாளாச்சு" என்றார். இந்தத் தோப்பில்தான் அவரும் நாற்பது வருடமாக இருக்கிறார். மாங்காய் விற்றுத்தான் எங்களை வளர்த்தார். ஆனால் ஃபேக்டரி பேச்சு எல்லாம் ஆண்களுக்குள்ளேயே நடந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. "அரை" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, "மொளகா அரை" என்றார். ஒன்பதாவது படிக்கும் என் பையன் "அரை மணி நேரம்" என்றான். ஒரே வீடுதான்.

பர்கூர்_பறவை | ஞாயிறு, இரவு 9.00

அக்கா, உங்கள் பதிவை நேற்று இரவு பலமுறை படித்தேன். இன்று முழுக்க அதே மூன்று சொல்லை வைத்து வேலை செய்தேன்.

ஒரே அமைப்பில் இரண்டு வலைகளைப் பயிற்றுவித்தேன். ஒன்றுக்குச் செய்தித்தாளில் இருந்து எடுத்த வாக்கியங்கள். மற்றதற்குப் பாட்டியும் அவர் தோழிகளும் பேசியதைப் பதிவு செய்து நான் எழுதி வைத்திருக்கும் வாக்கியங்கள். இரண்டுமே சின்னத் தொகுப்புதான், பெரிதாக எதையும் நிறுவிவிட முடியாது. "மாத்திரை அரை காலை" என்று கொடுத்தேன். செய்தித்தாள் வலை "பாதி" என்ற பொருளில் போய் நின்றது. பாட்டி வலை "அரைத்தல்" என்பதில் நின்றது. ஏன் என்று இணைப்புகளைத் தேடிப் பார்த்தேன். பாட்டி வாக்கியங்களில் மாத்திரையும் மருந்தும் ஒரே மாதிரி இடங்களில் வருகின்றன. மருந்துக்குப் பக்கத்தில் அரைத்துக் கொடுத்தேன், அரைத்துப் போட்டேன் என்றே இருக்கிறது. மாத்திரை என்ற சொல் வந்ததுமே அரைத்தல் பக்கம் நிலம் சரிந்துவிடுகிறது.

வரிசையை மாற்றி "அரை மாத்திரை" என்று கொடுத்தபோது இரண்டு வலைகளும் பாதி என்பதில் நின்றன. பாட்டி வலைக்குக் கூடுதல் சுற்று தேவைப்பட்டது, அவ்வளவுதான். "பாதி மாத்திரை" என்று கொடுத்தால் அந்தத் தயக்கமும் இல்லை.

பென்னாகரம்_தமிழாசிரியர் | ஞாயிறு, இரவு 9.40

வரிசை மாறினால் பொருள் மாறுவதற்குக் காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. அளவு குறிக்கும் சொல் பெயருக்கு முன்னால் வரும்: அரைப் படி, கால் பங்கு. பெயருக்குப் பின்னால் வந்து நின்றால் அதை ஏவல் வினையாகக் கேட்பதுதான் தமிழ்க் காதுக்கு இயல்பு: மஞ்சள் அரை, மாவு அரை. "மாத்திரை அரை" என்பதை அந்த அம்மா சரியான தமிழாகவே கேட்டிருக்கிறார். எழுதியவர்தான் ஆங்கிலச் சீட்டின் வரிசையைத் தமிழில் எழுதிவிட்டார். செவிலி அம்மா, உங்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வழக்கம் உங்களுக்கு முன்பே இருந்தது.

வினையால் வேறுபடாத சொல்லுக்குத் தொல்காப்பியர் சொல்லும் வழி, "கிளந்தாங்கு இயலும்" என்பது. பொருளை வெளிப்படையாகக் கிளந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அரூர்_செவிலி | ஞாயிறு, இரவு 10.30

ஐயா, குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நான் "பாதி" என்றே எழுதுகிறேன், மாத்திரையை உடைத்தும் காட்டிவிடுகிறேன். ஆனால் இப்போது நான் சொல்லும் மற்ற வார்த்தைகள் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

பறவை, இன்னொன்றையும் உங்கள் பாட்டி வலையில் போட்டுப் பாருங்கள். "நாளைக்கு மூணு மாத்திரை" என்று ஒரு நாளில் எத்தனை பேரிடம் சொல்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். தினமும் மூன்று என்று நினைத்துத்தான் சொல்கிறேன். நாளை ஒரு நாள் மட்டும் மூன்று என்று எடுத்துக்கொண்டு நிறுத்தியவர்கள் இருப்பார்களோ? வரிசையில் அடுத்தவர் நிற்கும் அவசரத்தில் சொல்வதால் முன்னால் வேறு சொல்லும் இருக்காது. "ஒரு நாளைக்கு" என்று தொடங்கினால் போதுமா, அல்லது "தினமும்" என்றே மாற்றிவிடட்டுமா? நாளை எனக்குக் காலை ஷிஃப்ட். ஏழு மணிக்கு முன்னால் பதில் போட்டால் நாளையே மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.